சீக்பிரீட்டின் முதுகு

காலையில் தந்த தேநீர் நன்றாக இருந்தது. தமிழிலேயே எழுதித் தரலாம் என்றும் சொன்னீர்கள், அதற்கும் நன்றி. என் ஜெர்மன் வேலையிடத்துக்குப் போதும். ஒரு விடயத்தை ஒழுங்காகச் சொல்வதென்றால் எனக்குத் தமிழ்தான் வேண்டும்.

என் பெயர் சில்வெஸ்டர், வயது ஐம்பத்தெட்டு. ரைன் கரையில் இருக்கும் இந்த ஊரில், எங்கள் கத்தோலிக்கத் தமிழர் போடும் நாட்டுக்கூத்தில் இருபத்திரண்டு வருடம் ராசா வேடம் கட்டியவன் நான். இந்த வருட நகர விழாவுக்கு இந்த மண்ணின் கதையையே ஆடுவோம் என்று எங்களுக்குக் கூத்துப் பழக்கும் கொட்வின் அண்ணாவியார் பாட்டுக் கட்டினார். டிராகனைக் கொன்ற சீக்பிரீட்டின் கதை. அதன் இரத்தத்தில் குளித்ததால் அவன் உடம்பில் ஆயுதம் ஏறாது. குளிக்கும்போது முதுகில் ஓர் இலை ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் ஏறும். பாதுகாப்பான் என்று நம்பி, அவனுடைய பெண்சாதியே அந்த இடத்தை ஹாகன் என்பவனுக்குக் காட்டிவிடுகிறாள். ஹாகன் பின்னால் நின்று குத்துகிறான்.

எங்கள் வழக்கப்படி அண்ணாவியார் மாதா கோயில் வாசலில் வைத்துத்தான் பாட்டுக் கொப்பியைக் கையில் தருவார். வாங்கியவர் மறுக்கக் கூடாது. சீக்பிரீட்டின் கொப்பியை லக்ஸனிடம் கொடுத்தார். இருபத்தைந்து வயதுப் பெடியன். எனக்கு ஹாகன்.

“சில்வெஸ்டர், கோவியாதையும். உமக்கு இனித் துள்ளி ஆட ஏலாது,” என்றார். சனம் சிரித்தது.

கோபம் வந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். வந்தது. வயிறு பற்றி எரிந்தது. லக்ஸனுக்கு மேல் சுரத்தில் குரல் உடையும், அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வன்னிச் சண்டையில் ஒன்பது வயதில் செல் குண்டு பட்டும் சாகாதவனாம். சாகாமல் இருப்பது ஒரு திறமையா? நானும்தான் சாகவில்லை.

அந்தச் செல் துண்டு இன்னும் அவன் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அசைந்தால் கால்கள் வழங்காமல் போகும் என்று டாக்டர்மார் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னது அவன் மனைவி லவினியா. வீடு தேடி வந்து சொன்னாள்.

“அண்ணை, நீங்கள் இடம் பாத்துக் குத்தவேணும். பச்சைத் துணியில ஒரு இலை வெட்டி அவற்ற சட்டையில தைச்சிருக்கிறன். அதில மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ. பாக்கிற சனம் கதையில வாற இலை எண்டு நினைக்கும்.”

“ஓம் பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றேன்.

அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தும் வந்து சொன்னாள், அவ்வளவு நல்ல பிள்ளை.

என் ஈட்டி ஒரு மண்வெட்டிப் பிடி. நுனியைச் சீவி, அதற்கு றப்பர் போட்டிருந்தோம். வீட்டில் ஒரு தலையணையைக் கதவில் கட்டி, அதில் பச்சைத் துணி தைத்து, ஆறு கிழமை பழகினேன். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் நானில்லை. விழா அன்று பின்னேரம் றப்பரைக் கழற்றினேன்.

மேடையில், கதைப்படி அவன் சுனையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். என் முழுப் பலத்தையும் சேர்த்துக் குத்தினேன். இலையில்தான் பட்டது. தற்செயல் என்று சொல்லும்படி என் சட்டத்தரணி சொல்கிறார். அது பொய், உங்கள் அறிக்கையில் அப்படி எழுதாதீர்கள். ஜெர்மன்காரர் எழும்பி நின்று கைதட்டினார்கள். மத்தளக்காரன்கூட அடியை நிறுத்தவில்லை. லவினியாதான் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “அண்ணை, அவருக்குக் கால் வழங்கேல்லை, ஓடிப்போய் ஆரையும் கூப்பிடுங்கோ,” என்றாள். அப்போதும் என்னைத்தான் நம்பினாள்.

அவன் இனி நடக்கமாட்டானாம். அதைக் கேட்டதும் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

கொட்வின் அண்ணாவியாரையும் நீங்கள் விசாரிப்பீர்கள்தானே. பாவம், அடுத்த வருடத்துக்கு ஆளில்லாமல் அந்தரப்படுவார். சீக்பிரீட்டின் பாட்டு நூற்றுப்பத்தும் எனக்குப் பாடம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.