நான்கு பேரின் நாடி

இங்கே தண்ணீர் கொஞ்சம் உப்பு, தம்பி. டீயாகப் போட்டுவிட்டால் தெரியாது. அதனால்தான் நீங்கள் தண்ணீர் கேட்டும் டீ கொடுத்தேன். குடியுங்கள், சொல்கிறேன். அமைதி வாரியத்தையே கலைத்து, விசாரணைக்கு உங்களை அனுப்பியிருக்கிறார்கள். இனி யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்?

என் பெயர் வேம்புலியம்மாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் பிசிர் நூல் வெட்டும் வேலை பார்த்தேன். அங்கே பேசக்கூடாது. வீட்டுக்காரர் கோவிந்தன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் லோடு ஏற்றினார். வீட்டுக்கு வந்தால் அவரும் பேசமாட்டார். அவர் இறந்துபோன பிறகு நானும் யுவராணியும் மட்டும். எனக்கு நாற்பது நெருங்கும்போது பிறந்த ஒரே பெண். பருத்திப்பட்டில் இந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வீடு கிடைத்து, குடிவந்தோம்.

இளையோர் அமைதி வாரியம் வந்தபோது நான் எதிர்க்கவில்லை. யாருமே எதிர்க்கவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் கையிலெல்லாம் ஒரு காப்பு மாட்டினார்கள். பார்க்க வாட்ச் மாதிரி இருக்கும். பிள்ளை எங்கே இருக்கிறது, நாடி எப்படித் துடிக்கிறது என்று அது வாரியத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கோபப்பட்டால் தெரிந்துவிடும். காதலித்தாலும் தெரிந்துவிடும். நாடி எகிறினால் பச்சை விளக்கு சிவப்பாகி, ஒரு பெண்குரல் "அமைதி, அமைதி" என்று சொல்லும். ஒரே இடத்தில் நாலு பேருக்கு ஒன்றாக எகிறினால் அதற்குப் பெயர் கலகம். உடனே ஆள் வந்துவிடும், பிள்ளைகளை ஓய்வு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அங்கே போய்வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். தட்டில் போட்டதைச் சாப்பிடுவார்கள். பேசமாட்டார்கள். "நல்லா திருந்திடுச்சுக்கா" என்று பக்கத்து பிளாக்கில் ஒரு தாய் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு வீட்டைப் படிப்பறை ஆக்கினார்கள். லீவு நாளிலும் சாயந்திரத்திலும் பிள்ளைகள் அங்கே கூடலாம், பெரியவர் ஒருவர் பொறுப்பு. நான்தான் முதலில் கை தூக்கினேன். வீட்டில் பேச்சுக்குரல் கேட்குமே என்ற ஆசை.

யுவராணியோடு மூன்று பேர் வந்தார்கள். முகமது ஆசிக் ஆவடி மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் பார்த்தவன். செல்வகுமார் யுவராணியோடு படித்தவன், லேத் பட்டறையில் வேலை. வர்ஷா ஒன்பதாம் மாடிப் பெண். அப்பா அம்மா இருவரும் ஐ.டி., திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

காப்பின் கொக்கியை ஹேர்பின்னால் நெம்பிக் கழற்ற ஆசிக்குக்குத் தெரியும். ஆனால் தோலை விட்டு எடுத்ததும் அது கூவ ஆரம்பித்துவிடும். ஒருநாள் யுவராணியின் காப்பைக் கழற்றிப் பார்த்தான், அது கூவியது. நான் பதறிப்போய் அதைப் பிடுங்கி என் கையில் மாட்டிக்கொண்டேன். சத்தம் நின்றுவிட்டது.

"யம்மா, கழட்டாத. அப்டியே இரு," என்றாள் யுவராணி.

"இன்னாடி விளையாட்டு இது? ஆளுங்க வந்துடப் போறாங்க."

"வரமாட்டானுங்க ஆன்ட்டி," என்றான் ஆசிக், பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு. "அதுக்கு ஒரு நாடி வேணும், அவ்ளோதான். யாருதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? உன் நாடி, ஏசி ரூம்ல தூங்குற ஆபீசர் மாதிரி கீது."

எனக்கு ரத்தக் கொதிப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை நாடியைப் படுக்கவைத்துவிடும். அதைத்தான் அவன் கண்டுபிடித்தான்.

அதிலிருந்து தினமும் நான்கு பேரும் என் முன்னால் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். நான்கு காப்பையும் முழங்கை வரை ஏற்றி மேலே முந்தானையைப் போர்த்திக்கொள்வேன். அவர்கள் பின்பக்கப் படி வழியாக ஏரிக்கரைக்குப் போவார்கள். அங்கே பாழடைந்த மோட்டார் கொட்டாய் ஒன்று இருந்தது. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். இருட்டுவதற்குள் காலில் சேற்றோடு திரும்பி வந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு நான் நல்ல பொண்ணா இருந்தேனா?" என்பாள் வர்ஷா.

"நீ ஒக்காந்து அரிசி பொறுக்கினே. உன்ன மாதிரி அடக்கமான பொண்ணே கெடயாது."

"நான்?" என்பான் செல்வகுமார்.

"நீ தூங்கினே."

"பாத்துக்க மச்சான். பொறந்ததுலேர்ந்து இன்னிக்குதான் என்னப் பத்தி ஒரு நல்ல ரிப்போர்ட்டு போயிருக்குது."

"குறட்டை விட்டியான்னு கேளுடா," என்பாள் யுவராணி.

இப்படி. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். படுத்தால் யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன சொன்னார்கள் என்று முதலிலிருந்து கேட்பேன். நடுவில் நானும் ஒரு வார்த்தை சேர்ப்பேன்.

வாரியத்தில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் உலகநாதன். சிறந்த படிப்பறை என்று எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொண்டுவந்தார்.

"உங்க பசங்க நாடி எல்லாம் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கும்மா."

"எல்லாம் நம்ம வளர்ப்புதான் சார்," என்றேன்.

ஆசிக் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான்.

கொட்டாயில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர்களே சொன்னார்கள். எல்லாக் காப்பிலும் பேசுகிற அந்தப் பெண்குரலுக்குப் பதிலாக யுவராணியின் குரலை அனுப்ப ஆசிக் ஒரு வழி செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் "கழட்டுங்க" என்று சொல்வாள். அந்த நொடியே எல்லாக் காப்பின் கொக்கியும் விடும். சேதி தெரிந்து காத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வேலப்பன்சாவடிக்கு நடப்பார்கள். அங்கே கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்.

"அத்தினி பேரையும் எந்த ஓய்வு இல்லத்துல அடைப்பானுங்க?" என்றான் செல்வகுமார்.

"நீயும் வாம்மா," என்றாள் யுவராணி.

"இந்த முட்டிய வெச்சிகினு நான் எங்க வர்றது?"

"அப்ப இரு. சாயந்திரம் காப்ப ஏரியில வீசிட்டு கதவ சாத்திக்கோ. உன்ன ஒருத்தனும் கேக்கமாட்டான்."

"ஊட்டுக்கு எப்ப வருவே?"

அவள் வர்ஷாவைப் பார்த்தாள். வர்ஷாதான் பதில் சொன்னாள். "அங்கேயே எல்லாரும் சேர்ந்து இருந்துருவோம் ஆன்ட்டி. திரும்பி வந்தா மறுபடி மாட்டிருவாங்கல்லா."

"இனிமே உன் கை லேசாயிடும் ஆன்ட்டி," என்றான் ஆசிக். "நைசா நாலு கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கோ."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை லேசாவதைப் பற்றி மறுநாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வெயிலில் அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்கள், ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். தடியடி நடந்தால்? யுவராணிக்கு மூச்சிழுப்பு வேறு. ஒரு தாய் இதையெல்லாம் யோசிக்காமல் இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசியாகக் கையை நீட்டியவள் யுவராணி. "பயப்படாத. நீ ஒண்ணும் செய்யவாணாம். சும்மா ஒக்காந்துகினு இரு, போதும்," என்றாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு மேகம் கறுத்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. படியேறினேன், மூச்சு வாங்கியது, நாடி எகிறிவிட்டது. நடந்தது இதுதான் என்று இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். வர்ஷாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்ன தப்பு இருக்குக்கா" என்று அழுதார்.

நீங்கள் எழுதிக்கொள்வதால் திருத்திச் சொல்கிறேன். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு என் முன்னால் நின்றது, நான் தாண்டிப் போனேன். கொடியில் துணி இல்லை. மாத்திரையை வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே விழுங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை ஏறியது போதவில்லை. முட்டி வலிக்கு நின்று நின்று ஏறிவிட்டேன் போலிருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் நான்கும் பச்சையாகவே இருந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஏரி தெரிந்தது, கொட்டாயின் கூரை தெரிந்தது. வேண்டாம் என்று விட்டுவிட அப்போதுகூட நேரம் இருந்தது. இறங்கி வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஏறினேன். இந்தத் தடவை நிற்கவில்லை. எட்டாம் மாடியில் வர்ஷாவின் காப்பு முதலில் சிவந்தது. பிறகு மற்ற மூன்றும் சிவந்தன. நான்கு பெண்குரல்களும் சேர்ந்து அமைதி, அமைதி என்றன. எனக்கு உண்மையிலேயே அமைதியாக இருந்தது, தம்பி. தப்பாக நினைக்காதீர்கள்.

உலகநாதன் நான்கு ஆட்களோடு வந்தார். படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"பசங்க எங்கம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஏரிக்கரை மோட்டார் கொட்டாயில," என்றேன். "அடிக்காதீங்க சார். யுவராணி மத்தியானம் சாப்புடல." அவள் மூச்சிழுப்பு மருந்தையும், ஹாட்பாக்ஸில் எலுமிச்சைச் சாதமும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

அந்த மதியம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் காப்பைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். குரல் வரவில்லை. அதன் பிறகு வாரியம் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஓய்வு இல்லத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. என்னுடையவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள்.

யுவராணி என்னோடுதான் இருக்கிறாள். மற்ற மூன்று பேரையும் பெற்றவர்களே காலையில் கொண்டுவந்து விடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள், வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்? இங்கே இருந்தால் முரண்டு பிடிப்பதில்லை என்கிறார்கள். வாருங்கள், உள் அறையில்தான் இருக்கிறார்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த மூலையில் இருப்பவன் ஆசிக். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பேச்சு திரும்பும், ஏற்கெனவே சில பிள்ளைகளுக்குத் திரும்பியிருக்கிறது என்று சொல்லத்தானே வந்தீர்கள். மற்ற பெற்றோர்கள் சரி என்றுவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி. தெரியும். யுவராணியைக் கூட்டிப்போக நான் சம்மதிக்கவில்லை. அவளுக்கு என்ன குறை? பேச்சு எங்கே போய்விட்டது?

நேற்றுகூட இந்த நேரம்தான். "ஆன்ட்டி, டீல சக்கரை கம்மி," என்றான் ஆசிக். "குடுக்கறத குடிடா," என்றாள் யுவராணி. செல்வகுமார் சிரித்தான். வர்ஷா கேட்டாள், அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினது நீங்கதானா ஆன்ட்டி என்று. யுவராணிதான் சொன்னாள்: "எங்கம்மா செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

இதோ, இப்போதும் ஏதோ சொல்கிறாள். "இந்த அண்ணன அனுப்பிடும்மா, எங்களுக்கு இங்கியே நல்லாத்தான் கீது" என்கிறாள். கேட்டதா? அவள் வாயைப் பார்க்காதீர்கள், தம்பி. என்னைப் பாருங்கள்.