சட்டையைக் கழற்றினால் தெரியும்

ஸஹாப்தீன்: என்ரை பாமசியிலை இருந்துகொண்டு எனக்கே வகுப்பெடுக்கிறாய், ஆனந்தராசா. டெஸ்டோஸ்டிரோன் எண்டா, அந்த ஆம்பிளை ஹோர்மோனுக்கு, ஊசிதான். மூண்டு கிழமைக்கு ஒருக்கா. குண்டியிலை குத்தினா ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனந்தராசா: முதல் கிழமை காளைமாடு, ஸஹாப்தீன் நானா. மூண்டாம் கிழமை கப்பல் ஜெட்டியிலை ஒரு மா மூட்டை தூக்க ஏலாது. எரிஞ்சு விழுறன் எண்டு புஸ்பராணி தாய்வீட்டுக்குப் போக வெளிக்கிடுறாள்.

ஸஹாப்தீன்: உன்ரை மனுசி இவ்வளவு நாளும் போகாததுதான் புதினம்... சரி, குளிசை?

ஆனந்தராசா: கொழுப்புச் சாப்பாட்டோடை விழுங்காட்டிப் பிடிக்காதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆமி பாதையைப் பூட்டினதிலை சாமான் வரத்தில்லை. ரெண்டு நேரமும் முட்டைக்கு எங்கை போறது?

ஸஹாப்தீன்: அப்ப ஜெல். காலமை தோளிலை பூசு, காயவிடு...

ஆனந்தராசா: மகள் நித்திரை கொள்ளுறது என்ரை தோளிலை. அவளிலை பட்டா?

ஸஹாப்தீன்: படக்கூடாது. பிறகு உன்னைவிட நல்ல மீசை அவளுக்கு.

ஆனந்தராசா: அதுதான் இந்த மருந்துப் பிளாஸ்டர். அக்கா லண்டனிலை இருந்து அனுப்பினவ. ஒட்டுற விதத்தை மட்டும் காட்டுங்கோ.

ஸஹாப்தீன்: நாளுக்கு நாள் மாத்தவேணும். இந்த வேர்வைக்கு நிக்காது. தோல் கடிக்கும்... கேக்கமாட்டாய். சரி, தொடையிலை ஒட்டு.

ஆனந்தராசா: புயத்திலை.

ஸஹாப்தீன்: விசர்க்கதை கதையாதை. யுத்தநிறுத்த ஒப்பந்தம் முறிஞ்ச பிறகு ஜெட்டி கேற்றிலை ஆமிக்காரர் ஒவ்வொரு காலமையும் சட்டையைக் கழட்டிப் பாக்கிறாங்கள். பிளாஸ்டரைக் கண்டா வெடிக்காயம், இயக்கக்காரன் எண்டுதான்...

ஆனந்தராசா: டொக்டர் சிங்களத்திலை எழுதித் தந்தவர்.

ஸஹாப்தீன்: அதை வாசிச்சுப்போட்டே அடிப்பாங்கள்? தொடையிலை ஒட்டடா தம்பி.

ஆனந்தராசா: காணட்டும். கேக்கட்டும்.

ஸஹாப்தீன்: கேட்டா? கப்பிக் கயிறு அறுந்து கவட்டிலை அடிச்சதெண்டு ஊருக்குச் சொன்னதை அங்கையும் சொல்லுவியோ?

ஆனந்தராசா: ...நீங்கள் அதை நம்பினனீங்களோ, நானா?

ஸஹாப்தீன்: உன்ரை காயத்தைக் கழுவினவன் நான். கயிறு சப்பாத்து அடையாளம் விடாது. பெண்சாதி பிள்ளையோடை இருக்கிறவன் எண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான்.

ஆனந்தராசா: இவ்வளவு நாளும்...

ஸஹாப்தீன்: இவ்வளவு நாளும். புயத்தைத் துடை, ஈரமிருந்தா ஒட்டாது. ஆனா ஒண்டு சொல்லு. எல்லாத்தையும் விட்டிட்டு ஊருக்கே தெரியிற மருந்துதான் வேணுமெண்டு ஏன் நிக்கிறாய்?

ஆனந்தராசா: அந்தச் சப்பாத்துக்காரனை ஜெட்டி கேற்றுக்கு மாத்தியிருக்கிறாங்கள். நாலைஞ்சு நாளா என்ரை சட்டையைக் கழட்டுறது அவன்தான், நானா. முகத்தைப் பாத்து, குட் மோர்னிங் எண்டும் சொல்லுறான். என்னை அவனுக்கு ஞாபகமே இல்லை. நாளைக்கு இதைத் தொட்டு என்னெண்டு கேப்பான். நீ மிதிச்சதுக்கு மருந்தெண்டு சொல்லப்போறன்.