அழிக்க நினைத்த பழைய புரோகிராம்

பல் பிடுங்கப் பயந்தபடி மார்த்தாண்டம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் மடிக்கணினியோடு இரண்டு பெண்கள். கழுத்து அட்டையில் நான் போகும் ஆஸ்பத்திரியின் பெயர்.

“ஏட்டி, இந்தப் பழைய புரோகிராமை அழிச்சா ஆஸ்பத்திரி டோக்கன் நின்னுருமோ? நின்னா என் வேலை போயிரும். எழுதின ஆளும் துபாய் போயாச்சு.”

அழித்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

“பேடிக்காத மக்கா, பயம் வேண்டாம். அதுக்க பேரை இந்த டூல்ல போடு. கல்யாண ஆலோசனைக்கு விசாரிக்கது போல எல்லா ஃபைலையும் விசாரிச்சு, எங்கெல்லாம் அது வேணும்னு சொல்லிரும்.”

தட்டினாள்.

“ஒரே ஒரு இடம்ட்டி. பல் பிரிவு டோக்கன்! நல்லவேளை, அழிக்கல்ல.”

“பாத்தியா? இனி நீ தைரியமா எதையும் தொடலாம்.”

அவள் வேலை தப்பியது. என் பல்தான் தப்பவில்லை.