அபிநயம் பார்த்த பிறகு கையெழுத்து

"முயல் காதை எங்கை பிள்ளை விட்டிட்டு வந்தனி?"

சிட்னியில் நார்த்மீட் போகிற பஸ்ஸில், முன் இருக்கை அன்ரி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். அவளிடம் கிற்றாரும் கௌபாய் தொப்பியும் இருந்தன. நான் சார்ஜ் இல்லாத போனை உற்றுப் பார்த்தேன். ஒட்டுக்கேட்கும்போது அதுதான் என் வழக்கமான வேடம்.

"அது ஆறு வயசில மேடையில ஆடேக்க போட்டது, அன்ரி. இப்ப நான் கன்ட்ரி மியூசிக் பாடகி. சொந்தமா மியூசிக் பப்ளிஷிங் கொம்பனியும் வச்சிருக்கிறன். அந்த முயல் பாட்டை கிற்றாரோட வெளியிடப் போறன். எழுதினது அங்கிள், அவர் போனபிறகு உரிமை உங்களிட்ட. இதில ஒரு சைன் வையுங்கோ, நாளைக்கு ரெக்கோர்டிங்."

"வைக்கிறன். முதல்ல பாடு. அபிநயத்தோட."

"பஸ்ஸிலயோ? எனக்கு நாற்பத்தொரு வயசு!"

"அவர் கண்மூடின கிழமையும் நீ முயலா ஆடின வீடியோவைப் பார்த்துச் சிரிச்சவர்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காதாக நிமிர்த்திப் பாடினாள்.

"ரெண்டாம் அடியில துள்ளேல்லை."

கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

அன்ரி கண்ணைத் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"கிற்றார் பரவாயில்லை. அட்டைப் படத்துக்குத் தொப்பி வேண்டாம், காதைப் போடு."