பெறாமகன்

— இந்தக் கடிதத்தில ஏன் தம்பி 'மன்னிப்புக் கேட்கிறேன்' எண்டு போட்டிருக்கு? நான் ஆரிட்ட மன்னிப்புக் கேக்கோணும்?

— அது சும்மா ஒரு மரியாதக்கி டீச்சர். விசா ஒஃபிஸர் கண்டா கொஞ்சம் குளிருவான். மிச்சத்தையும் வாசிச்சிட்டு அடியில சைன வைங்க. பதில் குடுக்க அவன் தந்த ஏழு நாளும் இண்டயோட முடியுது. நாலு மணிக்கு முந்தி நான் இத கம்பியூட்டர்ல ஏத்தோணும்.

— வாசிக்க வாசிக்க அரியண்டமாக் கிடக்கு, பலீல்.

— எனக்கு மட்டும் சந்தோஷமா? பதினாலு வருஷமா இந்த மாடியில ஈந்து பாதி வெள்ளவத்தக்கி விசா ஃபோம் நெரப்பிக் குடுத்தீக்கிறன். போலி பேங்க் புக் கொண்டு வந்தவனயும் கண்டீக்கிறன், செத்த மனிசன்ட கையெழுத்தோட வந்தவனயும் கண்டீக்கிறன். ஒரு புள்ளக்கி ரெண்டு உம்மா காட்டின ஆள் நீங்கதான் முதல்.

— நான் ரெண்டு தாய் காட்டேல்லை.

— காட்டீக்கிறீங்க. கேளுங்க. ஒங்கட அக்கா டொரோண்டோவுல ஈந்து அனுப்பின லெட்டர்ல என்ன ஈக்கி? 'என்ட மகன் சயந்தன்ட கலியாணத்துக்கு என்ட தங்கச்சி சுபோதினி வரோணும்.' ஹரி, அது சரி. ஒங்கட ஃபோம்ல புள்ளைகள் எண்ட எடத்துல என்ன ஈக்கி? 'சயந்தன், மகன்.' அதே பேர், அதே பொறந்த தேதி, அதே அட்ரஸ். ரெண்டாயிரத்திப் பதினாலுல நீங்களும் ஒங்கட புருஷன் சுந்தரலிங்கம் மாஸ்டரும் போட்ட அப்ளிகேஷன்ல என்ன ஈக்கி? புள்ளைகள் இல்ல. இப்ப அவன் கேக்குறான், இதுல எது பொய் எண்டு.

— அந்தப் பழைய ஃபோமையும் தூக்கி வைச்சிருக்கிறாங்களோ?

— எல்லாம் வைப்பான். பதில் சரியில்லாட்டி பொய் சென்ன ஆள் எண்டு எழுதி அஞ்சு வருஷம் அடிச்சிடுவான். அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தல வச்சும் படுக்கேலா.

— எனக்கு அறுபத்தொண்டு. கலியாணம் வாற மாசம்.

— அதான் செல்றன், ஒரு சைன். எனக்கு இன்னமும் வெளங்குறல்ல டீச்சர். முப்பது வருஷம் தமிழ் படிப்பிச்ச ஆள் நீங்க. அக்காட மகன, மகன் எண்டு எழுதலாமா?

— இஞ்ச உங்களோட வேலை செய்யிற பர்ஹா ஒரு தாள் தந்தவ, தமிழில. 'பிள்ளைகளின் பெயர்' எண்டு கிடந்தது. எழுதிப்போட்டன்.

— நான் பர்ஹாவுக்கு நல்லா ஏசினன். அவ அழுதுட்டு செல்றா, 'டீச்சர்தான் எனக்கு ஏழாம் ஆண்டுல தமிழ் படிப்பிச்ச, அவங்கட எழுத்துல பிழ வரும் எண்டு நான் எப்பிடி நெனக்கிற' எண்டு.

— அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ. அவவில பிழையில்லை. எங்கட வீட்டில ஃபோம் எல்லாம் இவர்தான் நிரப்புறவர். வாக்காளர் இடாப்பு, கிராம சேவகர்ர துண்டு, பொலிஸ் பதிவு, எல்லாம். பிள்ளையள் எண்ட இடத்தில 'இல்லை' எண்டு எழுதி, மை காயுமட்டும் ஊதிப்போட்டு, கையெழுத்துக்கு என்னட்டத் தருவார். நான் அந்தப் பக்கத்தைப் பாக்கிறேல்லை. இவர் செத்த பிறகு நான் தனிய நிரப்பின முதல் ஃபோம் இது.

— ஹரி, அதான் பிழச்சீக்கி. பழக்கமில்ல. எங்கட சாச்சிமார் நாலு பேரும் என்னய மகன் எண்டுதான் கூப்புடுற. அதுக்காக ஹஜ்ஜுக்குப் போற பேப்பர்ல புள்ள எண்டு என்ட பேரப் போடுவாங்களா?

— போடமாட்டினம்.

— இன்னொரு அநியாயத்தயும் பாருங்க. ஒங்கள திரும்பி வாற ஆளாக் காட்ட நான் எவளவு பாடுபட்டீக்கிறன். ஃப்ளட் வீட்டு உறுதி, பென்ஷன் கடதாசி, கோயில்ல புள்ளைகளுக்குத் தேவாரம் படிப்பிக்கிற எண்டு ஐயர்ட லெட்டர். நீங்க ஒரு சொல்லுல எல்லாத்தையும் கவுத்துட்டீங்க. புருஷன் மவுத்து, ஒரே மகன் கனடாவுல. எந்த ஒஃபிஸர் நம்புவான், இந்தப் பொம்புள திரும்பி வருவா எண்டு?

— அதைக் கதையாதேங்கோ. இவற்ற மரணச் சான்றிதழை மூண்டு தரம் வாங்கினீங்கள். வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீங்கள், கட்டில், குசினி, சாமியறை எல்லாம். முன் ஃப்ளட் பிள்ளை ஃபோனைத் தூக்கிக்கொண்டு என்ர படுக்கையறைக்கை நிக்க எனக்கு உடம்பு கூசிச்சுது. இந்த வயசில நான் களவாய் நிண்டு ஆற்றையோ வீட்டுக் கோப்பை கழுவப்போறன் எண்டு நினைக்கிறான். இவனுகளுக்குத் தாய் எண்டு ஒருத்தி இல்லையோ?

— அவனுக்கு ஈக்கிறது ஃபைல் மட்டும்தான் டீச்சர்.

— மூண்டு கிழமை. அவன்ர கழுத்தில மாலை விழுறதைப் பாத்திட்டு வந்திடுவன். முன்னுக்குக் கூட நிக்கமாட்டன். பாலறுகு வைச்சு ஆசீர்வதிக்க என்னைக் கூப்பிடமாட்டினம், மேடைக்கும் ஏத்தமாட்டினம். புருஷன் இல்லாதவள் எண்டு கடைசிக் கதிரையில இருத்துவினம்.

— இந்தக் காலத்துலயுமா?

— இஞ்ச விட்டாலும் அங்க விடாயினம். அங்கதான் இன்னும் கூட.

— அப்ப கடைசிக் கதிரக்கித்தான் இவளவு பாடு. ஹரி, வேலைக்கி வருவம். பொறந்த சேர்டிபிகேட் கொப்பிய ஒங்கட அக்கா ராத்தி அனுப்பினா. தாய்ட பேர் பத்மாசனி எண்டு தெளிவா ஈக்கி. அது நல்லம். ஆனா பதிஞ்சது புள்ளக்கி நாலு வயசுல, வவுனியாவுல. அத அவன் நோண்டுவான்.

— இடம்பெயர்வில எல்லாற்ற கடதாசியும் துலைஞ்சு போச்சுது. வவுனியாவில எத்தினையோ பிள்ளையளுக்கு அப்பிடிப் புதுசா எடுத்ததுதான்.

— அதயும் ஒரு வரி போட்டீக்கிறன். பொறகு கொழும்புக்கு வந்தா?

— ஓம். எட்டு மாசம், இந்த ஒழுங்கையில அப்ப இருந்த ஒரு லொட்ஜில. அக்கா, நான், அவன். அத்தார், அக்காவின்ர மனுசன், முன்னமே கனடாவுக்குப் போயிட்டார். இவர் ஊரில மாட்டுப்பட்டுப்போனார். ஒரு அறை, ஒரு கட்டில். சுவர் முழுக்க மூட்டைப்பூச்சி நசுக்கின கறை. கக்கூசுக்குப் பதினாலு பேர் வரிசை. அந்த மணம் இப்பவும் எனக்கு மூக்கில நிக்குது. உங்கட படியில ஏறேக்கையும் அதுதான் வந்தது.

— அது கீழ கடக்காரன் மீன் பெட்டி கழுவுற.

— அவன் கட்டில்ல படுக்கமாட்டான். கீழ, பாயில, என்ர சீலைத் தலைப்பைக் கையில சுத்திக்கொண்டு கிடப்பான். நான் எழும்பினால் அவனும் எழும்புவான்.

— சின்னப் புள்ளைகள் சாச்சியோடதான் ஒட்டும். எனக்கும் என்ட சின்ன சாச்சியத்தான் புடிக்கும். பொறகு அவங்க ரெண்டு பேரும் ப்ளேன் ஏறின, நீங்க இங்க நிண்ட.

— நான் நிண்டன்.

— பொறகு ஒங்களுக்கும் அல்லாஹ் ஒண்டக் குடுக்கல்ல. எனக்கு அந்தக் கவல வெளங்குது டீச்சர். அதான் கை தன்னால மகன் எண்டு எழுதீக்கி.

— கவலை எண்டு சொல்லாதேங்கோ. ஆரும் என்னைப் பாத்து இரங்கினால் எனக்குச் சத்தி எடுக்க வரும்.

— கோவிக்க வேணாம். இந்தா, இந்தப் பந்தியப் பாருங்க. நான் மூள போட்டு எழுதினது. ஒங்கட ஆக்கள்ட்ட ஒரு சொல்லு ஈக்கே, அக்கா தங்கச்சிட மகனுக்கு. பெறாமகன். எனக்கு அது சரியான விருப்பம். நான் வயித்துல பெறாத மகன், ஆனா மகன். அத இங்கிலிஷ்ல வடிவா விளக்கிப் போட்டீக்கிறன். ஒஃபிஸர் வாசிச்சா, ஆ, இது இந்த ஆக்கள்ட வழக்கம், இந்தக் கிழவி பொய் செல்லல்ல எண்டு உட்டுருவான். 

— வாசியுங்கோ பாப்பம்.

— ட்ரெய்ன் போகட்டும், இந்தச் சத்தத்துல கேக்காது. ஹரி. தமிழ்லயே செல்றன். 'சயந்தன் எனது அக்காவின் மகன். நான் அவரைப் பெற்றவள் அல்ல. எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஒருபோதும் இருந்ததும் இல்லை. எமது மொழியில் அவர் எனக்குப் பெறாமகன். அதை மகன் என்று எழுதியது எனது தவறு.'

— 'ஒருபோதும் இருந்ததும் இல்லை' எண்டதை வெட்டேலாதோ?

— ஏன் வெட்டோணும்? அதுதானே முக்கியம். பழைய ஃபோமுக்கும் அது ஒண்டுதான் பதில்.

— 'பெற்றவள் அல்ல' எண்ட வரியையாவது.

— டீச்சர், நீங்க என்ன சின்னப் புள்ள மாதிரி. ஒரு பேச்சுக்கு செல்றன், அவன் உண்மையிலயே ஒங்கட மகன் எண்டு வைங்க. அப்ப கத வேற. ஒங்கட அக்கா கள்ள சேர்டிபிகேட் காட்டிப் புள்ளயக் கொண்டுபோன எண்டு ஆகிரும். அவன்ட சிட்டிசன்ஷிப்பையே பிடுங்கப் பாப்பாங்க. மாப்புள கலியாண மண்டபத்துக்குப் போறதுக்குப் பதிலா கோட்டுக்குப் போவான். அல்ஹம்துலில்லாஹ், அப்பிடி ஒரு கரச்சல் இல்லயே. ஒரு சின்னச் சொல்லுப் பிழ, அவளவுதான்.

— அவனுக்கு ஒண்டும் வராதோ, நான் இதில கையெழுத்து வைச்சால்?

— ஒண்டும் வராது. நீங்க வைக்காட்டித்தான் வரும். லெட்டர் இல்லாட்டி, இதுல என்னமோ ஈக்கி எண்டு அவன்ட ஃபைலயும் தொறப்பாங்க.

— அப்ப, இதைத் துவக்கினது நான்தான். ஒரே ஒருக்கா அந்த இடத்தில 'இல்லை' எண்டு போடாமல் அவன்ர பேரை எழுதினன். அதுக்குள்ள அவனை மாட்டிப்போட்டன். சீ, என்ர கையைப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு.

— அப்பிடியெல்லாம் இல்ல. கலியாணத்துல அந்தப் பொடியன் 'சின்னம்மா' எண்டு ஓடி வந்து கட்டிப் புடிக்கிற நேரம் இதெல்லாம் மறந்துபோகும்.

— ஓம். சின்னம்மா எண்டுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலயும் அப்பிடித்தான். 'சின்னம்மா, உங்களுக்கு எந்தக் கலர்ல சீலை எடுக்க' எண்டு போன கிழமையும் கேட்டவன்.

— பாத்தீங்களா. டீச்சர், மூண்டு நாப்பது ஆகுது. பேன இந்தா ஈக்கி. ஒரு சொல்லுக்கு இவளவு யோசிக்கிறதா? பெறாமகன். பெரிய பொய்யா அது?

— லொட்ஜில எட்டு மாசமும் நான் அவனுக்குப் படிப்பிச்சதும் ஒரு சொல்லுத்தான், பலீல். எம்பசியில வெள்ளைக்காரன் 'அம்மா ஆர்?' எண்டு கேட்டால் பெரியம்மாவைக் காட்டோணும், வாசலில நிக்கிற என்னைப் பாக்கக் கூடாது எண்டு. நாலு வயசுப் பிள்ளை, சரியாக் காட்டினவன், ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. இண்டைக்கு என்ர முறை, பேனையைத் தாங்கோ.