பச்சை அட்டைப் பேய்ப் புத்தகம்

…அதத்தான் கேக்கேன் தம்பி, கொலகாரன் யாருன்னு தெரிஞ்ச பெறவு அந்தப் பொஸ்தகம் எதுக்கு? நுங்கத் தின்னுட்டு கூட்டக் கண்ணாடி அலமாரியிலயா வைப்பாக?

உக்காருங்க, உக்காருங்க. ஜெர்வின் பால் வாங்கத்தான் போயிருக்கான். ஆழ்வார்குறிச்சியில இருந்து சங்கர் சார் வாராரு, கட்டங்காப்பி குடுத்து அனுப்பிராதம்மான்னு சொல்லிட்டுப் போனான். நீங்க வாத்தியாராமே. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவரு, பேய்ப் படக்கதை வாங்க பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கு வந்திருக்கீங்க… சரி, நான் என்னத்தச் சொல்ல.

எம் மவனும் ஒண்ணும் சின்னப்பிள்ளை இல்ல. தலையில பாதி நரச்சாச்சு. நாகர்கோவில்ல இருந்து பொண்டாட்டி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வருதான்… வந்ததும் என்ன செய்யுதான்? அம்மா எப்பிடியிருக்கன்னு கேப்பானா? அந்த டிரங்குப் பெட்டியத் தெறந்து மோந்து பாக்கான். பழைய தாள் வாசமாம். மல்லியப்பூ கெட்டுது போங்க. எங்க கல்யாண ஆல்பத்தப் பூச்சி தின்னு, எங்க வீட்டுக்காரரு மூக்கில்லாம நிக்காரு. இந்த எலும்புக்கூட்டுப் பொஸ்தகத்துக்கு மட்டும் தனித்தனியா பிளாஸ்டிக் உறை, அந்துருண்டை. சாவி எங்கிட்ட. "எங்கம்மா கையில இருந்தா பத்திரம்"பான் எல்லார்ட்டயும்.

கதையாவது உருப்படியா இருக்கா? கொட்டுத மழையில ஒரு கோட்டை. கதவு தானாத் தெறக்குது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? ஓடுவான். இவன் மெழுகுவத்தியத் தூக்கிட்டு உள்ள போவான். குத்துப்பட்டவன் சும்மா சாவானா? அரப்பக்கம் பேசிட்டுத்தான் சாவான். லண்டன் போலீசு "அகப்பட்டாயா அயோக்கியனே"ங்கான், நம்ம ஊரு நாடகக்காரன் மாதிரி. வீட்டுக்காரன் கெணத்துல கெடக்கான், பொண்டாட்டிக்காரி கொண்டை கலையாம நிக்கா…

எனக்கு எப்பிடித் தெரியும்ங்கீங்களா? பெட்டி தொடைக்கையில கண்ணுல படாதா என்ன. சிரிக்காதீங்க தம்பி.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். தப்புப் பண்ணவன் கடைசிப் பக்கத்துல மாட்டிக்கிடுதான். அது ஒரு ஆறுதல். பேப்பர்ல அப்பிடியா வருது? செயினப் பறிகுடுத்தவ பேருதான் வருது, பறிச்சவன் பேரு எங்க வருது…

காப்பி எதுக்குங்கீங்களா? இருக்கட்டும், அவன் வரட்டும். நீங்க எடுத்துட்டுப் போக வந்தது அந்தப் பச்சை அட்டதானே? "கிணற்றில் ஒரு கை". அது எதுக்கு உங்களுக்கு? "பேய்க் கல்யாணம்"னு ஒண்ணு இருக்கு, நல்லா தடியா, படமெல்லாம் பளிச்சுன்னு… என்னது? அஞ்சாங்கிளாஸ்ல படிச்சதா? கடைசிப் பக்கத்துல அந்தக் கை மேல வார படத்த இன்னொரு தடவ பாக்கணுமா?

மாதாவே.

பைய உக்காருங்க. ஒரு காரியம் சொல்லணும்.

எங்களுக்கு சாம்பல் புதன்னு ஒண்ணு உண்டு. உங்களுக்குத் தெனமும் திருநீறு, எங்களுக்கு வருசத்துல ஒரு நாள். போன வருசம் குருத்தோலை ஞாயித்துக்கு வாங்குன ஓலைய வீட்டுக்கு வீடு கோயில்ல திருப்பிக் குடுப்போம், அத எரிச்ச சாம்பலத்தான் சாமியாரு நெத்தியில பூசுவாரு. குடுக்கதுக்கு முந்தி இந்தப் பெட்டியத் தொடைச்சேனா… அந்தப் படத்தப் பாத்துட்டேன். செபமால சொல்லுத வீட்டுல, எலும்புக் கை ஒண்ணு கெணத்த விட்டு ஏறுது. வாசிக்கக்கூட இல்ல தம்பி, கண்ண மூடிக்கிட்டு அந்தத் தாளக் கிழிச்சேன். ஓலை வேற காஞ்சு உதிருது. கிழிச்ச தாளுலயே அதச் சுத்தி, கோயில் உபதேசியார் கையில குடுத்துட்டேன். அவரு பிரிக்கவா போறாரு, அப்பிடியே போட்டு எரிச்சாச்சு. இந்த ஊருல எத்தன நெத்தியில அந்தக் கை இருந்துச்சோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். என் நெத்தியிலயும்தான்.

அதோட விட்டுச்சா? அதுக்குப் பெறவு வார நாப்பது நாள் தவக்காலத்துக்கு சீரியல் பாக்கதில்லன்னு நேந்துகிட்டேன். மத்தியானம் பூராவும் கை சும்மா இருக்கு. இந்தக் கண்றாவியில அப்பிடி என்னதான் இருக்கு, படிச்சுட்டு மவனத் திட்டுவோம்னுதான் எடுத்தேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது… பெட்டி முழுக்கப் படிச்சாச்சு. அந்தப் பச்சை அட்டைய மட்டும் எத்தன தடவ பெரட்டுனாலும் கெணத்து மேட்டுலயே நிக்கேன். செபத்துக்கு முட்டி போட்டாலும் அந்தக் கெணறுதான்.

ஜெர்வின் இன்னும் உறையத் தெறந்து பாக்கல. உங்க முன்னாலதான் தெறப்பான். நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கிடுதேன். திட்டுனா வாங்கிக்கிடுதேன். ஆனா தெரிஞ்சுட்டுன்னா, அந்தப் பய ஆயுசுக்கும் எனக்கு அத மட்டும் சொல்லமாட்டான்.

அங்கன வாசல் கேட்டு தெறக்குத சத்தம் கேக்குது. வந்துட்டான்.

சட்டுன்னு சொல்லுங்க தம்பி, கெணத்துல தள்ளுனது யாரு? டாக்டரா, கொழுந்தனா?