வீட்டோடு ஒரு சிறை

திரியாய்க்குப் போகும் பஸ் திருகோணமலையில் இருந்து இன்னும் புறப்படவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னார்: “மச்சாள், அரசாங்கம் என்னை ஜெயிலர் ஆக்கப்போகுதாம். சம்பளம் மட்டும் இல்லை.”

பக்கத்தில் இருந்தவர் அவருடைய கணவரின் அக்கா. இருவரும் அந்தக் கணவரைச் சிறையில் பார்த்துவிட்டு வருகிறார்கள். மனைவியை அடித்துக் கையை முறித்ததற்காக அவர் உள்ளே இருக்கிறார்.

“பகிடி விடாதை. புதுச் சட்டம் வந்தால் சின்னக் குற்றம் செய்தவை வீட்டில இருந்தே தண்டனையை முடிக்கலாமாம்.”

“ஓம், என்ர கை முறிஞ்சது சின்ன விஷயம்தானே. வடிவா ஒட்டிட்டுது.”

“காலில ஒரு கருவிப் பட்டி கட்டிவிடுவினமாம். படலையைத் தாண்டினால் பொலிசுக்குத் தெரிஞ்சிடும்.”

“நல்ல சாமான். கையை ஓங்கினாலும் தெரியுமோ?”

“அவன் இப்ப திருந்திட்டான்.”

“திருந்தாமல்? அங்க அடிக்கிறதுக்கு நான் இல்லையே.”

“வீட்டில இருக்கிறவையின்ர சம்மதம் கேட்பினமாம். நீ ஓம் எண்டு சொன்னால் காணும்.”

“சொல்லுறன். ஆனா உங்கட வீட்டு விலாசத்தைத்தான் குடுப்பன். திருந்தின தம்பியை நீங்கள் வைச்சுப் பாருங்கோ.”

அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கட வீட்டில ஏலாது. பிள்ளையள் அவனைக் கண்டாலே பயப்படுங்கள்.”

“அப்ப நானும் ஏலாது எண்டே சொல்லுறன், மச்சாள்.”

பஸ் புறப்பட்டது.